வானத்தில் ஒரு துளை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய இரவில் திருத்தணி உறங்குவதில்லை. அரக்கோணத்திலிருந்தும் ரேணிகுண்டாவிலிருந்தும் வரும் ஒவ்வொரு தொடர்வண்டியும் மக்களை இறக்கிவிட்டுச் செல்லும். மஞ்சள் ஆடையும் பூக்காவடியுமாக, தமிழும் தெலுங்கும் கலந்த முழக்கத்தோடு, மலையின் 365 படிகளை நோக்கி ஒரு மனித ஆறு நகரும். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நான் அந்த ஆற்றில் ஒரு துளியல்லன். ஆயினும் இவ்வூரில் நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த ஆற்றின் கரையில் நின்று ஆண்டுதோறும் அதைப் பார்த்தவன்.

1978ஆம் ஆண்டின் கிருத்திகை இரவு ஒன்று என் நினைவில் தனியாக நிற்கிறது. அன்று மாலையே மின்சாரம் தடைப்பட்டது. தேய்பிறைக் காலமாதலால் நிலவு எழ நள்ளிரவு தாண்ட வேண்டும். என்னிடம் பயின்ற மாணவர் சிலர் மொட்டை மாடியில் என்னுடன் இருந்தனர். தெற்கே விருச்சிகம் முழு உருவத்தோடு நின்றது. அதன் நெஞ்சில் கேட்டை விண்மீன் செந்நிறமாய் ஒளிர்ந்தது. அதையொட்டிப் பால்வீதி வெண்புகை போல் படர்ந்திருந்தது. அதன் நடுநடுவே கருமையான திட்டுகள். எட்டாம் வகுப்பில் படித்த ஒரு சிறுவன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், அந்தக் கருமையைச் சுட்டிக் காட்டி, "அங்கே ஏன் சார் விண்மீனே இல்லை?" என்று கேட்டான். "அங்கே ஒன்றும் இல்லை, தம்பி. வெற்றிடம்" என்றேன். அவனுக்கு மனம் ஒப்பவில்லை. தன் வீட்டு மொழியில் மீண்டும் ஒருமுறை கேட்டான்: "ஏமீ லேதா, சார்?" ஒன்றுமே இல்லையா? இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

அந்த விடை தவறு. அது தவறு என்று அறிவியல் உலகம் அப்போதே அறிந்திருந்தது, நான்தான் அறிந்திருக்கவில்லை. பின்னாளில் நூல்களைப் புரட்டியபோது எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. எனக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, வானத்தின் அதே பகுதியைப் பார்த்து, அதே தவற்றைச் செய்தவர் உலகின் தலைசிறந்த வானியலாளர். அந்தத் தவறு எவ்வாறு திருத்தப்பட்டது என்ற வரலாற்றை எழுதுவதன் மூலம் அச்சிறுவனுக்குப் பட்ட கடனில் ஒரு பகுதியையாவது தீர்க்க முடியுமா என்று பார்க்கிறேன்.

வில்லியம் ஹெர்ஷல் செருமனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இசைக் கலைஞர். தாமே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கிகளைச் செய்தவர். தம் தங்கை கரோலின் உடனிருந்து குறிப்பெடுக்க, வானத்தைப் பட்டை பட்டையாகத் துருவினார். 1785இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் விருச்சிக மண்டலத்தில் விண்மீன்களே இல்லாத ஓர் அகன்ற பகுதியைக் குறிப்பிடுகிறார். அவர் கண்ணுக்கு அது வானத்தில் விழுந்த ஒரு துளை. அதன் ஓரத்திலேயே நெருக்கமான ஒரு விண்மீன் கூட்டம் இருந்ததால், அங்கிருந்த விண்மீன்களையெல்லாம் அக்கூட்டம் தன்பால் ஈர்த்துக்கொண்டது போலும் என்று காரணமும் கண்டார். கேட்டைக்கு அருகில், நான் வெற்றிடம் என்று சொன்ன அந்தப் பக்கத்தில்தான் அத்துளையும் இருக்கிறது.

அத்துளையைத் திறக்கும் சாவியையும் அவரே பிற்பாடு கண்டெடுத்தார் என்பது வரலாற்றின் விந்தை. 1800ஆம் ஆண்டில் கதிரவன் ஒளியை முப்பட்டகக் கண்ணாடி வழியே செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு வெப்பம் உண்டு என்று வெப்பமானிகளை வைத்து அளந்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறிற்று. காண முடியாத ஒளி ஒன்று உண்டு என்பதை மனிதன் முதன்முதலாக அறிந்தது அன்றுதான். இன்று நாம் அகச்சிவப்புக் கதிர் என்று அழைப்பது அதுவே. தாம் கண்ட துளையையும் தாம் கண்ட கதிரையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க அவர் காலத்தில் வழியில்லை. அந்த இணைப்புக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

துறவிகள் கண்ட இருள்

அக்கருமை வெற்றிடமன்று என்று துணிந்து எழுதியவர்களுள் ஒருவர் நம் திருச்சபையைச் சேர்ந்த துறவி. உரோமையில் இயேசு சபையாரின் கல்லூரி வானாய்வகத்தை நடத்திய தந்தை ஆஞ்சலோ செக்கி, விண்மீன்களின் நிறமாலைகளை ஆராய்ந்து அவற்றை வகைப்படுத்திய முன்னோடி. வானில் உள்ள கரும்பகுதிகளைப் பொந்துகள் என்று கருதுவது பொருந்தாது. ஒளிரும் பின்னணிக்கு முன்னால் இருண்ட பொருள் திரண்டு நிற்பதாலேயே அவை நமக்குக் கருமையாகத் தோன்றுகின்றன என்ற கருத்தை அவர் 1877இல் வெளியிட்டார். மறு ஆண்டே மறைந்தார்.

ஒளிப்படக் கலை வளர்ந்ததும் இக்கருத்துக்குச் சான்றுகள் சேரத் தொடங்கின. அமெரிக்காவின் எட்வர்டு எமர்சன் பர்னார்டு வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே ஒளிப்பட நிலையத்தில் வேலைக்குச் சென்றவர். பால்வீதியை இரவிரவாகப் படமெடுத்த அவரும் முதலில் அவற்றைத் துளைகள் என்றே எண்ணினார். 1913ஆம் ஆண்டுக் கோடை இரவு ஒன்றில், தனுசு மண்டலத்தின் ஒளிமிக்க பகுதிக்கு முன்னால் நம் பூமியின் சின்னஞ்சிறு முகில்கள் சில மிதந்து செல்வதைக் கண்டார். அவை மைத்துளிகள் போல் கருமையாகத் தெரிந்தன. தம் படங்களில் உள்ள கரும்புள்ளிகளும் அப்படியே இருப்பதை உணர்ந்தார். 1919இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 182 கரும்பொருள்கள் இடம்பெற்றன.

இந்த இடத்தில் மற்றொரு துறவியையும் மறவாமல் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்த தந்தை யோகான் கேயோர்க் ஹாகன், இயேசு சபையினர். 1906 முதல் 1930 வரை வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர். இவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துப் பார்த்து, வானமெங்கும் மங்கலான கரும்முகில்கள் பரவிக் கிடப்பதைத் தாம் காண்பதாக அறிவித்தார். ஆண்டுக் கணக்கில் அவற்றைப் பதிவு செய்தார். ஆனால் அவர் கண்டவை ஒளிப்படத் தட்டுகளில் பதியவில்லை. பெரும்பாலான வானியலாளர் அவற்றை ஏற்க மறுத்தனர். முதுமையிலும் தம் கூற்றைக் கைவிடாமல் 1930இல் அவர் உயிர்நீத்தார்.

அதே 1930இல்தான் அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தில் பணியாற்றிய இராபர்ட் டிரம்ப்ளர், விண்மீன் கூட்டங்கள் பலவற்றை அளந்து ஒரு முடிவை வெளியிட்டார். தொலைவிலுள்ள கூட்டங்கள், தொலைவின் காரணமாக இருக்க வேண்டியதைவிடவும் மங்கலாகத் தெரிந்தன. பனிமூட்டத்தில் தெருவிளக்குகள் மங்குவதைப் போன்ற நிலை அது. ஆக, கரும்புள்ளிகளில் மட்டுமன்று, பால்வீதித் தளம் முழுவதுமே விண்மீன்களுக்கு இடையே நுண்ணிய தூசி விரவியிருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஹாகன் கண்ட முகில்கள் நிலைபெறவில்லை. ஆனால் வெளி வெறுமையானதன்று என்று அவர் நம்பியது நிலைபெற்றது. தவறான சான்றைக் கொண்டு சரியான திசையில் நடந்தவர் என்று அவரைச் சொல்லலாமா? அவருடைய உழைப்பை எண்ணும்போது எனக்கு அவர்மேல் இரக்கத்தைக் காட்டிலும் மதிப்பே மேலோங்குகிறது.

கிருத்திகையின் திரை

இனி மீண்டும் திருத்தணிக்கு வருவோம். எந்த விண்மீனின் பெயரால் அந்த மனித ஆறு மலையேறுகிறதோ அந்தக் கார்த்திகையே இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அறுவர் தாய்மாராக நின்று முருகனை வளர்த்ததாகப் புராணம் கூறும் விண்மீன்கள் அவை. யோபு நூலும் இக்கூட்டத்தைக் குறிப்பிடுகிறது. வெறுங்கண்ணுக்கு ஆறு, உண்மையில் பல நூறு விண்மீன்கள், நம்மிடமிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில்.

1859இல் வெனிசு நகரில் வில்லெம் டெம்பெல் என்பவர், கார்த்திகையின் ஒரு விண்மீனைச் சுற்றி, கண்ணாடியில் மூச்சுவிட்டாற்போல மெல்லிய மங்கல் ஒன்று படர்ந்திருப்பதைக் கண்டார். அது என்ன என்பதை அறியவும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1912இல் அரிசோனாவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைபர் அந்த மங்கலின் நிறமாலையைப் பதிவு செய்தார். அது தானே ஒளிரும் வாயுவாக இருந்தால் தனித்தனிக் கோடுகள் தோன்றியிருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்ததோ அருகிலுள்ள விண்மீனின் நிறமாலையேதான், அச்சு மாறாமல். அப்படியென்றால் அந்த மங்கலுக்குச் சொந்த ஒளி இல்லை. நம் வீட்டுச் சன்னல் வழியே விழும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதுபோல, விண்மீனின் ஒளியைத் தூசி எதிரொளிக்கிறது. விண்வெளியில் தூசி உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்றுகளுள் இது ஒன்று.

அந்தத் தூசி கார்த்திகை பிறந்தபோது எஞ்சிய பொருள் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. இக்கூட்டத்தின் அகவை ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் என்பதால் பிறந்த வீட்டுத் தூசி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க வழியில்லை. வேறொரு முகிலின் ஊடே அவை கடந்து போய்க்கொண்டிருக்கின்றன என்பதே இன்றைய முடிவு. புதிய விண்மீன்கள் பிறக்கும் இடத்தைக் காண வேண்டுமானால், கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் பக்கத்தில், பர்னார்டு படமெடுத்த இருண்ட முகில்களைப் பார்க்க வேண்டும். ஆனால் எப்படிப் பார்ப்பது? அவை கருமையாக அல்லவா இருக்கின்றன?

சூளையின் வெளிச்சுவர்

திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கற்சூளையை அறியாதவர் இல்லை. அடுக்கிய கற்களின்மேல் மண் பூசி மூடிய பிறகு, உள்ளே நெருப்பு எரிவது வெளியே தெரியாது. ஆனால் இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு அருகே போனாலும் முகத்தில் அனல் அடிக்கும். உள்ளே எரியும் தீயின் ஒளியைச் சுவர் தடுக்கிறது. தான் சூடேறி, அந்த ஆற்றலை வெப்பக் கதிராக வெளியே அனுப்புகிறது. விண்மீன்கள் பிறக்கும் இடமும் ஒரு சூளையே.

விண்வெளித் தூசி என்பது நம் முற்றத்துப் புழுதி போன்றதன்று. புகையின் துகளைப்போல் நுண்ணியது. கரியும், மணலுக்கு உறவான சிலிகேட்டுகளும் அதன் உட்பொருள். குளிர்ந்த முகில்களில் அதன்மேல் பனிக்கட்டி படிந்திருக்கும். முகிலின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசி, மற்றவை வாயு. ஆனால் அந்த ஒரு பங்கு இல்லாவிடில் வேலை நடவாது. வெளியிலிருந்து பாயும் கடுமையான விண்மீன் ஒளியைத் தூசியே தடுத்து நிறுத்துகிறது. நீரிய அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாவது தூசித் துகளின் மேற்பரப்பில்தான். தூசியின் நிழலில் முகில் சுழியத்துக்குக் கீழே 260 பாகை வரையிலும் குளிர்கிறது. குளிர்ந்த வாயுவால் தன் எடையையே தாங்க முடிவதில்லை. அது உள்நோக்கிச் சரிகிறது, நடுவே அடர்ந்து சூடேறுகிறது, விண்மீன் பிறக்கிறது. பிறந்த விண்மீனைச் சுற்றி எஞ்சும் தூசி வட்டாகச் சுழன்று, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கோள்களாகிறது. நம் பூமியும் அவ்வாறு திரண்டதே.

இப்பிறப்பைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அகச்சிவப்புக் கதிர் இரு வகையில் உதவுகிறது. அதன் அலைநீளம் தூசித் துகளைவிடப் பெரிதாதலால், தூசியின் ஊடே அது பெரிதும் தடையின்றி வெளிவருகிறது. அந்தி வானம் சிவப்பதற்கும் இதற்கும் உறவு உண்டு. காற்றிலுள்ள துகள்கள் நீலத்தைச் சிதறடிக்க, சிவப்பு தப்பி வருகிறது. சிவப்புக்கும் அப்பாற்பட்ட கதிர் இன்னும் எளிதாகத் தப்பும். இரண்டாவதாக, சூளைச் சுவரைப் போலச் சூடேறிய தூசி தானே நெடிய அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. நம் உடலும் இக்கணத்தில் ஏறத்தாழ 10 மைக்ரான் அலைநீளத்தில் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தூசியோ மிகக் குளிர்ந்ததாதலால் அதன் ஒளி 100, 150 மைக்ரான் என நீள்கிறது.

1967ஆம் ஆண்டில் இத்துறைக்கு விடியல் பிறந்தது. மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரயன் மண்டலத்தில், கண்ணுக்குத் தெரியும் விண்முகிலுக்குப் பின்னால், ஒளியில் சிறிதும் தென்படாத ஒரு பொருளைப் பெக்லினும் நியூகெபவரும் அகச்சிவப்பில் கண்டு அறிவித்தனர். தூசிக்குள் மறைந்திருக்கும் இளம் விண்மீன் அது. அதே ஆண்டில் கிளைன்மனும் லோவும் அதன் அருகே குளிர்ந்த தூசி முகில் ஒன்றைக் கண்டனர். 1983 சனவரியில் அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து ஏவிய ஐராசு என்ற செயற்கைக்கோள், திரவ ஹீலியத்தில் குளிர்வித்த கருவிகளோடு, ஹீலியம் தீரும்வரை பத்து மாதம் வானத்தைத் துருவியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் அகச்சிவப்பு மூலங்களைப் பட்டியலிட்டது. கார்த்திகையைச் சூழ்ந்த தூசி அதில் ஒளிவீசியது. வானமெங்கும் மெல்லிய பஞ்சிழை போன்ற தூசிப் படலம் பரவிக் கிடப்பதும் தெரிந்தது.

நம் மண்ணின் பங்கு

இப்பணியில் நம் நாட்டவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. திருத்தணிக்குத் தென்மேற்கே, சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. பாப்பு 1982இல் மறைந்தபின், 1986இல் அவர் பெயரைத் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டது. தன்னைச் சுற்றித் தானே கரிப்புகையை எழுப்பி அதற்குள் திடீரென்று மறைந்துபோகும் ஒருவகை விண்மீன்களைக் காமேசுவர ராவ் அங்கு பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தூசி எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு அவ்விண்மீன்கள் ஒரு விடை.

ஆனால் நெடிய அகச்சிவப்புக் கதிருக்குக் காவலூர் போன்ற மலைகள் போதா. காற்றிலுள்ள நீராவி அக்கதிரை விழுங்கிவிடும். செயற்கைக்கோள் அனுப்பும் செல்வம் அப்போது இத்துறைக்கு இங்கில்லை. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அதற்கு ஒரு வழி கண்டனர். அவர்கள் ஐதராபாத்தில் 1969 முதல் ஒரு பலூன் தளத்தை நடத்திவந்தனர். காகிதத்தினும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் ஆன மாபெரும் பலூன்களை அங்கேயே தயாரித்தனர். அண்டக் கதிர் ஆய்வுக்காக வளர்ந்த அக்கலையை அகச்சிவப்பு வானியலுக்குத் திருப்பினர். நாகர்கோவிலில் பிறந்த ஆர். ஆர். தானியேலின் பெயரை அக்குழுவின் தொடக்ககால ஆய்வுகளில் காணலாம். அய்யங்கார், தாண்டன், இரங்கராசன், வர்மா, கோசு முதலியோர் அப்பணியை வளர்த்தனர்.

ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியைப் பலூனில் கட்டி 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புவது என்றால் என்ன என்று சற்றே எண்ணிப் பாருங்கள். அந்த உயரத்தில் காற்றில் நூற்றில் ஒரு பங்குதான் மேலே எஞ்சியிருக்கும். தொங்கிக்கொண்டு ஆடும் ஒரு கூண்டிலிருந்து, தரையிலிருந்து வரும் கட்டளையின்படி, தொலைநோக்கி ஒரு விண்மீனையே குறிவைத்து நிற்க வேண்டும். அதன் உணர்கருவிகளோ ஹீலியத்தால் சுழி வெப்பநிலைக்கு ஒரு பாகைக்கும் குறைவான அளவுவரை குளிர்விக்கப்பட்டவை. சில மணி நேரமே கிடைக்கும். பிறகு பலூனிலிருந்து கூண்டு அறுத்துவிடப்பட்டு, பாராசூட்டில் எங்கேனும் ஒரு வயலில் வந்து இறங்கும். தேடிச்சென்று எடுத்து, பழுதுபார்த்து, மீண்டும் அனுப்ப வேண்டும். ஓரிரவின் காற்று ஒத்துழைக்காவிட்டால் மாதக் கணக்கான ஆயத்தம் வீண்.

இந்தப் பலூன் தொலைநோக்கி கண்டது ஐராசு காணாததை. ஐராசின் கருவிகள் 100 மைக்ரானோடு நின்றன. ஐதராபாத்திலிருந்து எழுந்த கருவிகள் 150, 200 மைக்ரான் பகுதிகளில் பார்த்தன. இன்னும் குளிர்ந்த தூசி, அதாவது விண்மீன் பிறப்புக்கு இன்னும் அருகிலிருக்கும் தூசி, அங்கேதான் ஒளிரும். தென்வானத்தின் கரீனா முகிலைப் பற்றிய ஆய்வு 1988இல் வெளியாயிற்று. ஆர்.சி.டபிள்யூ. 106 என்ற மற்றொரு விண்மீன் பிறப்பிடத்தின் தூசி வெப்பநிலை 2001இல் வரைபடமாக்கப்பட்டது. 1999 முதல் சப்பானிய அறிவியலாளர் தம் நிறமாலைக் கருவியையும் இத்தொலைநோக்கியில் பொருத்தி அனுப்பினர். வசதி குறைந்தவர்கள் வசதி மிக்கவர்கள் விட்டுச்சென்ற இடைவெளியைக் கண்டுபிடித்து அதில் உழைத்தனர் என்பதே இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம்.

சாம்பலும் கிறிஸ்து பிறப்பும்

அண்மைக் காலத்தில் நம் கண்முன்னே இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை விண்மீன் திடீரென்று மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் வெறுங்கண்ணுக்கே வேறுபாடு தெரியும் அளவு மங்கிப் பின்னர் மீண்டது. வெடிக்கப் போகிறதோ என்றுகூடப் பலர் எண்ணினர். விண்மீன் தன்னிலிருந்து உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் இடையே திரையாக நின்றதே முதன்மையான காரணம் என்று 2021இல் ஆய்வாளர் வெளியிட்டனர். முதிர்ந்த விண்மீன் தூசியை உதிர்க்கும் காட்சியை உலகமே அண்ணாந்து பார்த்தது. அத்தூசி நாளை வேறொரு முகிலில் சேரும். அங்கே வேறொரு விண்மீன் பிறக்கும்.

மற்றொன்று, 2021 திசம்பர் 25 அன்று, கிறிஸ்து பிறப்பு விழா நாளில், தென்னமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து எழுந்த ஜேம்சு வெப் தொலைநோக்கி. 6.5 மீட்டர் விட்டமுள்ள அதன் கண்ணாடி அகச்சிவப்புக்காகவே அமைக்கப்பட்டது. அதன் பணி தொடங்கி ஓராண்டு நிறைந்ததைக் கொண்டாட 2023 சூலை 12இல் ஒரு படம் வெளியிடப்பட்டது. கேட்டைக்கு அருகில், ஏறத்தாழ 390 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ரோ ஓபியூக்கி முகிலின் படம் அது. பூமிக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிறப்பிடங்களுள் ஒன்று. அச்சிறு பரப்பில் மட்டும் ஏறத்தாழ ஐம்பது இளம் விண்மீன்கள். பெரும்பாலானவை நம் கதிரவனை ஒத்தவை அல்லது அதனினும் சிறியவை. சிலவற்றிலிருந்து செந்நிற வாயு பீறிட்டுப் பாய்கிறது. சிலவற்றைச் சுற்றிக் கோள்கள் உருவாகக்கூடிய தூசி வட்டின் நிழல் தெரிகிறது.

நாளிதழில் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. ஹெர்ஷல் துளை என்று எழுதிய பகுதி அது. மின்சாரம் இல்லாத அந்த இரவில், மொட்டை மாடியில், நான் வெற்றிடம் என்று சொல்லிய பகுதி அது. அங்கே ஒன்றுமில்லாமல் இல்லை. அந்த வானத்திலேயே மிகுதியாக நடந்துகொண்டிருந்தது அங்கேதான். என் கண்ணுக்கு அது எட்டவில்லை என்பதால் இல்லையென்று சொல்லிவிட்டேன்.

தவக்காலத்தின் முதல் நாளில் ஆண்டுதோறும் நம் நெற்றியில் சாம்பல் பூசப்படுகிறது. மண்ணிலிருந்து வந்தோம் என்பதை நினைவூட்டும் சடங்கு. நம் எலும்பின் சுண்ணமும் குருதியின் இரும்பும் விண்மீன்களில் உருவாகி, தூசியாய் வெளியில் அலைந்து, ஒரு இருண்ட முகிலில் சேர்ந்தவை என்பதை அறிந்தபின் அந்தச் சாம்பல் எனக்குச் சாவை மட்டும் நினைவூட்டுவதில்லை. தூசி முடிவு மட்டுமன்று, அது தொடக்கமும்கூட.

என் வகுப்பறையில் கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருந்த பலரைப் பற்றி, "இவனிடம் ஒன்றுமில்லை" என்று நான் முடிவு செய்ததுண்டு. அவர்களுள் சிலரைப் பின்னாளில் எதிர்பாராத உயரங்களில் கண்டு நாணியிருக்கிறேன். இருளைக் கண்டால் வெற்றிடம் என்று தீர்ப்பெழுதும் அவசரம் வானியலாளர்களுக்கு மட்டும் உரியதன்று.

அந்தச் சிறுவன் இன்று எங்கிருக்கிறானோ, நான் அறியேன். அவனுக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். எல்லைக்கு அப்பால் நகரி பக்கமோ புத்தூர் பக்கமோ அவனும் தன் பேரப்பிள்ளைகளோடு மொட்டை மாடியில் அமர்ந்து கேட்டையைப் பார்க்கக்கூடும். இக்கட்டுரை அவன் கண்ணில் படுமாயின், அவனுடைய மொழியிலேயே அவனுக்கு என் திருத்திய விடை இதோ: "உந்தி, பாபு. சால உந்தி." இருக்கிறது, தம்பி. நிறைய இருக்கிறது.